கிளாஸ் எது, மேக்ரோ எப்படி?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் 13 கிளாஸ்கள், அதாவது பாத்திர வகைகள். அடியைத் தாங்குவதா, காயத்தை ஆற்றுவதா, தாக்குவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். தனியாக ஆடுபவருக்கு ஹன்டர் நல்லது. வளர்ப்பு விலங்கு முன்னால் நின்று அடி வாங்கும். ட்ரூயிட் மூன்றையும் செய்யும். 20ஆம் லெவல் வரை இலவசம், அதனால் இரண்டு மூன்று கிளாஸ்களை ஆடிப் பார்த்தே எடுங்கள்.

கிளாஸை எடுத்த பிறகு மேக்ரோ, அதாவது ஒரே கீயில் இயங்க நீங்களே எழுதும் கட்டளைத் தொகுப்பு. அதற்கு 255 எழுத்துகள்தான் இடம். ஒரே தட்டலில் தாக்குதல்களை வரிசையாக அடுக்க நினைக்காதீர்கள், ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரும் கட்டாய இடைவெளியான குளோபல் கூல்டவுன் தடுத்துவிடும். ப்ரீஸ்ட் கிளாஸை எடுத்துக் காயம் ஆற்றுபவர்களுக்கு உதவுவது மவுஸ்ஓவர் மேக்ரோ. எதிரி மீதுள்ள குறியை மாற்றாமலே, தோழரின் உயிர்ப்பட்டை மேல் மவுஸை வைத்துக் கீயைத் தட்டினால் மருத்துவ மந்திரம் அவருக்குப் போகும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதலில் உங்கள் பட்டை மேலேயே சோதித்துப் பாருங்கள்.