ரைட் கிளிக் பண்ணா லிஸ்ட் வரலையா? டெலீட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. டாஸ்க்பார்ல இருக்கிற வேர்ட் ஐகானை ரைட் கிளிக் பண்றீங்க. வழக்கமா மேலே நீங்க பின் பண்ணி வெச்ச ரிப்போர்ட் இருக்கும், அதுக்குக் கீழே கடைசியா திறந்த ஃபைல்கள் வரிசையா இருக்கும். இன்னைக்கு ஒண்ணும் இல்ல. ஆப்போட பேரு, அன்பின், க்ளோஸ், அவ்வளவுதான்.

முதல்ல ஒரு விஷயம்: உங்க ஃபைல் எங்கேயும் போகல. போனது அதுக்கான ஷார்ட்கட் மட்டும்தான். அவசரம்னா வேர்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் போய், ரீசன்ட்ல பாருங்க. வேர்ட் தனக்குன்னு ஒரு லிஸ்ட்டைத் தனியா வெச்சிருக்கும். ரிவ்யூவை முடிச்சுட்டு வாங்க, மிச்சத்தை நிதானமா பார்க்கலாம்.

நெட்ல தேடினா பெரும்பாலும் கிடைக்கிற பதில், "இந்த ஃபோல்டர்ல இருக்கிற எல்லாத்தையும் டெலீட் பண்ணுங்க." அது பல நேரம் வேலையும் செய்யும். ஆனா அதோட எல்லா ஆப்லயும் நீங்க பின் பண்ணி வெச்சதும் சேர்ந்து போயிடும். ஒரு ஆப்ல வந்த பிரச்சனைக்கு எல்லா ஆப்பும் ஏன் தண்டனை அனுபவிக்கணும்? டீபக் பண்றப்போ கோடு முழுசையும் அழிச்சுட்டா ஆரம்பிக்கிறோம்? அதே ஒழுங்கை இங்கேயும் வெச்சுக்கலாம்.

இந்த லிஸ்ட் எங்கிருந்து வருது?

இதுக்குப் பேரு ஜம்ப் லிஸ்ட். 2009-ல விண்டோஸ் 7-உடன் வந்தது. இதுல இருக்கிற தகவல் ரெண்டு ஃபோல்டர்ல சேமிக்கப்படுது. ரெண்டுமே உங்க யூசர் அக்கவுன்ட்டுக்குள்ள, ரீசன்ட் என்ற ஃபோல்டருக்கு உள்ளே இருக்கு.

ஒண்ணு ஆட்டோமேட்டிக் டெஸ்டினேஷன்ஸ். நீங்க திறக்கிற ஃபைல்களை விண்டோஸே கவனிச்சு இதுல எழுதும். பின் பண்ணதும் இங்கேதான் இருக்கும். இன்னொண்ணு கஸ்டம் டெஸ்டினேஷன்ஸ். இதுல ஆப் தானே எழுதிக்கும். குரோம்ல ரைட் கிளிக் பண்ணா "நியூ இன்காக்னிட்டோ விண்டோ"ன்னு வருதே, அது இந்த வகை.

ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு அடையாள எண் உண்டு. அந்த எண்தான் இங்கே ஃபைல் பேரு. அதனால பேரைப் பார்த்து எது வேர்டு, எது நோட்பேடுன்னு கண்டுபிடிக்க முடியாது.

எது காணோம்னு முதல்ல பாருங்க

இந்த ஒரு நிமிஷம் உங்க அரை மணி நேரத்தை மிச்சம் பண்ணும்.

1. எல்லா ஆப்லயும் ரீசன்ட் ஃபைல்கள் மட்டும் வரல, ஆனா நியூ விண்டோ மாதிரி ஆப்ஷன்கள் வருது. அப்படின்னா செட்டிங் ஆஃப் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

2. ஒரே ஒரு ஆப்ல மட்டும் லிஸ்ட் வரல. அந்த ஆப்போட ஃபைல் கெட்டுப் போயிருக்கலாம், இல்லைன்னா பின் பண்ண ஐகான் பழசா இருக்கலாம்.

3. பகல்ல நல்லா வருது, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கு அப்புறமும் காலியாகுது. யாரோ அழிக்கிறாங்கன்னு அர்த்தம். க்ளீனர் ஆப் ஏதாவது போட்டிருந்தா அதுல ரீசன்ட் டாக்குமென்ட்ஸ், ஜம்ப் லிஸ்ட் மாதிரி டிக் இருக்கான்னு பாருங்க.

4. மெனுவே திறக்கல. மவுஸ் பிரச்சனையா இல்லையான்னு பார்க்க, விண்டோஸ் கீ, ஆல்ட் கீ ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு 1-ஐ அழுத்துங்க. டாஸ்க்பார்ல முதல் ஐகானோட லிஸ்ட் திறக்கணும். திறந்தா விண்டோஸ் மேல குத்தமில்ல.

சேதாரம் இல்லாத ஸ்டெப்ஸ், இதே வரிசையில்

முதல் ஸ்டெப்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்க. டாஸ்க்பார் ஒரு நொடி மறைஞ்சு திரும்ப வரும், பயப்பட வேணாம்.

இரண்டாவது: செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஸ்டார்ட். விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் இதே வழிதான். ஜம்ப் லிஸ்ட்னு பேர் வர்ற சுவிட்ச் ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. ஏற்கனவே ஆஃப்ல இருந்திருந்தா பழைய லிஸ்ட் திரும்ப வராது. ரெண்டு ஃபைலைத் திறந்து மூடிட்டு அப்புறம் பாருங்க.

மூணாவது: ஐகானை க்ளிக் பண்ணா அதே ஆப் பக்கத்துல இன்னொரு ஐகானா திறக்குதா? அப்போ பின் பண்ணது ஒரு அடையாளத்துல இருக்கு, ஓடுற ஆப் வேற அடையாளத்துல இருக்கு. ஆப்பை அப்டேட் பண்ணப்புறம், ரீஇன்ஸ்டால் பண்ணப்புறம் இப்படி ஆகலாம். பழைய ஐகானை அன்பின் பண்ணிட்டு, ஓடிக்கிட்டு இருக்கிறதை பின் பண்ணுங்க.

ஒரு ஆப் மட்டும் அடம் பிடிச்சா: பைனரி சர்ச்

விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்தி ரன் பெட்டியைத் திறங்க. அதுல ஷெல், கோலன், ரீசன்ட், பேக்ஸ்லாஷ், ஆட்டோமேட்டிக் டெஸ்டினேஷன்ஸ், இதையெல்லாம் இடைவெளி விடாம ஆங்கிலத்துல டைப் பண்ணி என்டர் கொடுங்க. நாம சொன்ன ஃபோல்டர் திறக்கும்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி எல்லா ஃபைலையும் வேற இடத்துல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. எதையுமே நீங்க பின் பண்ணி வெச்சதில்லையா? அப்போ மொத்தத்தையும் வெளியே நகர்த்திட்டு எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் பண்ணுங்க, வேலை முடிஞ்சது. பின் பண்ணது இருந்தா, செகண்ட் இயர்ல படிச்ச பைனரி சர்ச் இங்கே கைகொடுக்கும்.

பாதி ஃபைல்களை வெளியே நகர்த்துங்க. எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பிரச்சனை பண்ற ஆப்ல ஒரு ஃபைலைத் திறந்துட்டு, ரைட் கிளிக் பண்ணிப் பாருங்க. லிஸ்ட் வந்துச்சுன்னா கெட்ட ஃபைல் நீங்க வெளியே எடுத்த பாதியில இருக்கு. வரலைன்னா அதைத் திரும்ப வெச்சுட்டு மறு பாதியை எடுங்க. திரும்ப வைக்கும்போது அதே பேர்ல புதுசா ஃபைல் இருக்குன்னு கேட்டா, ரீப்ளேஸ் கொடுங்க. சந்தேகப்படுற பாதியை மறுபடி பாதியாக்குங்க. 32 ஃபைல் இருந்தாலும் 5 சுத்துல ஒரே ஒரு ஃபைல்ல வந்து நிப்பீங்க. அதை மட்டும் தூக்கிடுங்க. இழப்பு அந்த ஒரு ஆப்போட பின்கள் மட்டும்தான்.

இன்காக்னிட்டோ மாதிரி ஆப்ஷன் காணோம்னா இதே வேலையை கஸ்டம் டெஸ்டினேஷன்ஸ் ஃபோல்டர்ல பண்ணணும். ஆப்பை மூடிட்டு திரும்பத் திறந்தா அது புதுசா எழுதிக்கும்.

இதுக்கும் மசியலைன்னா, புதுசா ஒரு யூசர் அக்கவுன்ட் உருவாக்கி அதுல பாருங்க. அங்கே சரியா வந்தா உங்க அக்கவுன்ட்ல ஏதோ சிக்கல். அங்கேயும் வரலைன்னா விண்டோஸோட சிஸ்டம் ஃபைல்களைச் சோதிக்கிற நேரம் வந்தாச்சு.

கெட்டுப் போகல, எடுத்துட்டாங்க

விண்டோஸ் 10-ல டாஸ்க்பாரோட காலி இடத்தை ரைட் கிளிக் பண்ணா டூல்பார்ஸ், கேஸ்கேட் விண்டோஸ்னு நீளமா ஒரு மெனு வரும். 2021-ல வந்த விண்டோஸ் 11-ல அதெல்லாம் இல்ல. ஆரம்பத்துல டாஸ்க்பார் செட்டிங்ஸ் மட்டும்தான் இருந்துச்சு, டாஸ்க் மேனேஜர் பின்னாடி வந்த அப்டேட்ல திரும்பி வந்தது. அதனால அங்கே ஆப்ஷன் குறைவா இருக்குன்னு ரிப்பேர் பண்ண உக்காராதீங்க. பழைய மினிமைஸ், மேக்ஸிமைஸ் மெனு வேணும்னா, ஓடிக்கிட்டு இருக்கிற ஆப்போட ஐகானை ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டு ரைட் கிளிக் பண்ணுங்க.

லேப் கம்ப்யூட்டர்ல வரலைன்னா

லேப்ல செட்டிங் மங்கலா இருந்தா, இல்ல உங்க நிறுவனம் இதை நிர்வகிக்குதுன்னு எழுதியிருந்தா, அது பழுது இல்ல. குரூப் பாலிசியில "சமீபத்தில் திறந்த ஃபைல்களின் வரலாற்றை வைக்காதே"ன்னு ஒரு விதி இருக்கு. அட்மின் அதை ஆன் பண்ணியிருக்கலாம். அதைச் சுத்தி வழி தேட வேணாம். அது உங்களுக்குத்தான் நல்லது.

ஏன்னா ஜம்ப் லிஸ்ட்ல ஃபைலோட பேரும், அது இருக்கிற இடமும், எப்போ திறந்தீங்கன்னும் பதிவாகுது. ஃபைலையே டெலீட் பண்ணாலும் அந்தத் தடயம் மிஞ்சியிருக்கலாம். டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ்ல இதை ஒரு சாட்சியா எடுத்துப் படிக்கிறாங்க. எல்லாரும் ஒரே லாகின்ல உக்கார்ற கம்ப்யூட்டர்ல, உங்களுக்கு அப்புறம் வர்றவர் ஒரு ரைட் கிளிக்ல நீங்க என்ன திறந்தீங்கன்னு பார்த்துடலாம். ரெஸ்யூம், ஃபீஸ் ரசீது, மெடிக்கல் ரிப்போர்ட், எதுவா இருந்தாலும். அங்கே லிஸ்ட் வந்தா, எழுந்து போறதுக்கு முன்னாடி உங்க ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி "ரிமூவ் ஃப்ரம் திஸ் லிஸ்ட்" கொடுத்துட்டுப் போங்க. ஃபைல் அப்படியே இருக்கும், லிஸ்ட்ல இருக்கிற வரி மட்டும் போகும்.