மாதக் கணக்கு உதவாத ஊர்

"மாசம் எவ்வளவு வந்தா கஷ்டமில்லாம குடும்பம் ஓடும்?" மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கல்யாணம் நிச்சயமான பெண் கேட்பாள், தனிக்குடித்தனம் போகத் துடிக்கிற மருமகள் கேட்பாள், வட்டி கட்டி ஓய்ந்துபோன அக்காமார்களும் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் பணம் மாசாமாசம் வருகிறதா?

சேலம், நாமக்கல் பக்கம் முதல் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள் குறைச்சல். உருக்காலை, பேங்க், வாத்தியார் வேலை, அரசு ஆபீஸ் என்று கொஞ்சம் பேர். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்களுக்கு வாரக் கூலி. பாவு வராத வாரம் கூலியும் வராது. லாரி டிரைவருக்கு லோடு கணக்கு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு போர் போடப் போகும், மழை பிடித்தால் வேலை படுத்துவிடும். கோழிப்பண்ணைக்காரர்களுக்குப் புரட்டாசி வந்தால் முட்டை விலையைப் பார்க்கவே மனசு வராது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் தீபாவளிக்கு முன்னால் ராப்பகலாக வேலை, அப்புறம் ஆர்டருக்குக் காத்திருப்பு. சேகோ ஃபேக்டரியில் கிழங்கு வரத்து இருக்கிற வரைக்கும்தான் முழு ஓட்டம். இப்படிப்பட்ட ஊரில் 'மாத வருமானம்' என்று ஒரு எண்ணைச் சொன்னால், அது நல்ல மாதத்தின் எண்ணாகத்தான் இருக்கும். கடன் கேட்கப் போகிறபோதும் அதைத்தான் சொல்கிறோம், பெண் கொடுக்கிறவர்களிடமும் அதைத்தான் சொல்கிறோம்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். லோடு தொடர்ந்து கிடைத்தால் மாதம் 38,000 வரை கொண்டுவருவார். மழைக்காலத்தில் 17,000க்கு இறங்கிவிடும். சராசரி பார்த்தால் 30,000. நான் ஜாக்கெட் தைப்பதிலும் குழுக் கணக்கு எழுதுவதிலும் சராசரியாக 13,000 வரும், முகூர்த்தம் இல்லாத மாதம் 10,000. ஆக, எங்கள் வீட்டின் மோசமான மாதம் 27,000. குடும்பம் நிற்பது இந்த எண்ணின்மேல்தான். வாடகை, மளிகை, பால், கரண்ட், பெட்ரோல் எல்லாம் இந்த 27,000க்குள் அடங்கிவிட வேண்டும். நல்ல மாதத்தில் கூடுதலாக வருவதை வருஷச் செலவுக்கு ஒதுக்கிவிடுவேன்.

அதனால் என் நோட்டில் இரண்டு பக்கம். இடது பக்கம் மாதச் செலவு, வலது பக்கம் வருஷச் செலவு. நாமக்கல் டவுனை ஒட்டிய வாடகை வீடு, நாங்கள் இருவர், படிக்கிற பிள்ளைகள் இருவர், மாமியார் என்று ஐந்து பேர். வாடகை 7,500. மளிகை 5,500. காய்கறி, முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கறி சேர்த்து 4,500. பால் 2,100. கேஸும் கரண்டும் 1,000. பெட்ரோல், போன் ரீசார்ஜ், கேபிள் 2,800. சோப்பு, எண்ணெய், முடிவெட்டு, பிள்ளைகள் கேட்கிற தட்டுவடை செட்டு முதலான சில்லறை 1,600. கூட்டினால் 25,000.

மளிகை 5,500க்குள் நிற்பதற்கு ரேஷன் ஒரு காரணம். ரேஷன் புழுங்கல் அரிசி எங்கள் வீட்டில் இட்லி மாவுக்குப் போய்விடும். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, சர்க்கரை 25 என்று கிடைப்பதை விடுவதில்லை. இன்னொரு காரணம், மாசி பங்குனியில் புதுப் புளியும் மிளகாயும் வருகிறபோது குழுவில் சில பேர் சேர்ந்து சேலம் லீ பஜாரில் மொத்தமாக வாங்கி வந்து பங்கு போட்டுக்கொள்வோம். புளியைக் கொட்டை எடுத்து, உப்புத் தூவி, ஜாடியில் அடைத்துவிட்டால் அடுத்த மாசி வரைக்கும் கடைப்பக்கம் போக வேண்டாம். மிளகாயை நன்றாகக் காயவைக்காமல் டப்பாவில் போட்டால் ஆடிக்குள் பூத்துவிடும், அதில் மட்டும் கவனம் வேண்டும்.

குடும்பத்தைக் கவிழ்ப்பது வலது பக்கம்தான். பள்ளிக் கட்டணம், வேன், புத்தகம் இரண்டு பிள்ளைகளுக்கும் வருஷத்துக்கு 90,000. மொய்யும் சீரும் 25,000. ஆடி, தீபாவளி, பொங்கல் துணிமணி, பலகாரம் 25,000. வைத்தியம் 20,000. குலதெய்வம் கோவில், ஊர்ப் போக்குவரத்து 12,000. வண்டி இன்சூரன்ஸ், ரிப்பேர் 8,000. மொத்தம் 1,80,000, மாதத்துக்கு 15,000. இடது பக்கத்தோடு சேர்த்தால் 40,000. அவசரத்துக்கும் பின்னாளுக்கும் 5,000 ஒதுக்கினால் 45,000. எங்களைப் போன்ற வீட்டுக்கு, இந்த ஊரில், இன்றைய விலைவாசியில், கை கடிக்காமல் வாழ இதுதான் என் கணக்கு. வருஷத்துக்கு 5,40,000. எங்கள் சராசரி 43,000தான். அவசரத்துக்கு ஒதுக்குவதில்தான் அந்த 2,000 துண்டு விழுகிறது.

என் நோட்டை மட்டும் நம்பச் சொல்லவில்லை. மத்திய அரசு 2022-23இல் எடுத்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய் என்று வந்தது. ஐந்து பேருக்குப் பெருக்கினால் நகரத்தில் 38,150, கிராமத்தில் 26,550. என் 40,000 அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

தறிக் கூலி உயர்வு பற்றிப் பேசிய ஒரு கூட்டத்தில் இன்னொரு பழைய கணக்கையும் கேட்டேன். 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு முறையைச் சொன்னது. வேலை செய்கிறவர், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து மூன்று ஆள் சாப்பாடு, ஆளுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு 20 சதவீதம். படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், முதுமை இவற்றுக்கு மொத்தக் கூலியில் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்று 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. மத்திய அரசு ஊழியர்களின் ஏழாவது ஊதியக் குழு 18,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக வைத்ததும் இந்த வழியில்தான்.

கேட்டுவிட்டு வந்து என் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 40,000இல் 15,000 என்றால் 37.5 சதவீதம். நீதிமன்றம் சொன்ன 25ஐ எப்போதோ தாண்டிவிட்டது. அதுவும் அந்த 1957 கணக்கில் மாமியார் என்று ஒரு ஆள் இல்லவே இல்லை! பெற்றவர்களை வைத்துப் பார்க்கிற வீடுகள் இந்த மாதிரி எந்தக் கணக்கைப் படித்தாலும் ஒரு ஆள் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வலது பக்கத்தில் பாதி பள்ளிக் கட்டணம். நாமக்கல் பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போன ஊர். 2017இல் நீட் வரும்வரை ப்ளஸ் டூ மார்க்குக்காக எங்கெங்கிருந்தோ பிள்ளைகளை இங்கே ஹாஸ்டலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த மோகம் உள்ளூர்க்காரர்களையும் விடவில்லை. எங்கள் தெருவில் நகை அதிகமாக அடகுக்குப் போகிற மாதம் ஜூன். இதற்கு நான் கண்ட வழி, பேங்க்கில் ஒரு வருஷ ஆர்.டி. ஜூனில் தொடங்கி மாதம் 7,500 கட்டினால் அடுத்த ஜூனில் கட்டணப் பணம் கையில் இருக்கும். அடகு வட்டி மிச்சம், வங்கி வட்டி லாபம். முதல் வருஷம் மட்டும் இரண்டு கட்டணத்தைச் சுமக்கிற மாதிரி கழுத்தைப் பிடிக்கும். அந்த வருஷம் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை, பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

என் நாத்தனார் வேறு வழி எடுத்தார். ஆறாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளையும் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 கிடைக்கும். அவர்கள் வீட்டு வருமானம் 32,000. எங்களைவிட நிம்மதியாக இருக்கிறார்கள், இதை அவரிடம் நான் ஒத்துக்கொண்டதில்லை.

மொய்க்கு ஒரு யோசனை. வைகாசி, ஆவணி, தை பிறப்பதற்கு முன்னால் பழைய மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் விசேஷம் வரும், அவர்கள் நமக்கு எவ்வளவு வைத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அது எழுதாத கடன் பத்திரம், திருப்பித்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரரின் தங்கை பிள்ளைக்குக் காது குத்து என்றால் தாய்மாமன் சீர் பெரிய செலவு. தேதி குறிக்கிறபோதே வீட்டுக்காரரையும் உட்காரவைத்துத் தொகையைப் பேசிவிட வேண்டும். மண்டபத்தில் வைத்து ரோஷம் வந்துவிட்டால் கணக்கு நிற்காது.

இனி டியூ. மேலே சொன்ன 45,000இல் கடன் தவணை என்று ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். குழு லோன், வார லோன், போன் ஈ.எம்.ஐ., பைக் ஈ.எம்.ஐ. எல்லாம் வந்துவிட்டால் எந்த எண்ணும் போதாது. மாதம் 55,000 வருகிற ஒரு வீட்டில் டியூ மட்டும் 26,000 கட்டுகிறார்கள். திங்கட்கிழமை வசூலுக்கு வருகிறவர் தெரு முனையில் வண்டியை நிறுத்தினால் அந்த அக்கா கொல்லைப்புறம் போய்விடுவார். 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுப்பது நுண்கடன். எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கொடுக்கிறவர்களுக்கு வைத்த உச்ச வரம்பு அது. பாதியைத் தவணைக்குக் கொடுத்துவிட்டுச் சோறு தின்ன முடியுமா? என் அனுபவத்தில் கால் பங்கைத் தாண்டினாலே அடுத்த கடன் வாங்கித்தான் இந்தக் கடனைக் கட்டுவார்கள். அந்தக் கால் பங்கையும் மோசமான மாத வருமானத்தில் போட வேண்டும், எங்கள் வீட்டுக்கு 27,000இல்.

2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் சிறுநீரகத்தை விற்ற செய்தி வந்தபோது மாநிலமே அதிர்ந்தது. கணக்கு எழுதுகிற எங்களுக்கு வருத்தம் இருந்தது, அதிர்ச்சி அவ்வளவாக இல்லை. தறி வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் வாங்குகிற முன்பணம், அதன்மேல் குழு லோன், அதன்மேல் வார வட்டி என்று ஏறிப்போன வீடுகளை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அடாவடி வசூலைத் தடுக்க அதே ஆண்டு தமிழ்நாடு அரசு ஒரு சட்டமும் கொண்டுவந்தது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம் என்று குழுவில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மானத்துக்குப் பயந்து யாரும் போவதில்லை.

நடுவில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1.2 லட்சம். இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000. என் கணக்கில் நிம்மதி தொடங்குவதோ 5.4 லட்சத்தில். 2.5 லட்சத்துக்கும் 5.4 லட்சத்துக்கும் நடுவில் இருக்கிற வீடுகளுக்கு அரசு உதவியும் பாதி நின்றுபோகும், சொந்தக் காலும் முழுசாக ஊன்றாது. அந்த வீடுகளை ஒரே நாளில் தள்ளிவிடுவது ஆஸ்பத்திரி. அதனால் மிச்சம் பிடிக்கிற முதல் பணத்தைக் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்குப் போடுங்கள் என்பேன், சீட்டெல்லாம் அப்புறம். வயதானவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குக் கடைக்கு அழ வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் என் மாமியாருக்கு வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதில் மட்டும் மாதம் 800 மிச்சம்.

சொந்த வீடு இருந்தால் 45,000இல் வாடகையைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பராமரிப்புக்கு 1,500 வையுங்கள். கிராமத்தில் கறவை மாடும் நாலு கோழியும் இருந்தால் 30,000 வந்தாலே ராஜ வாழ்க்கை. சேலம் டவுனில் ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் குடியிருக்க ஆசைப்பட்டால் வாடகையிலேயே இன்னும் 7,000, 8,000 ஏறிவிடும்.

என் நோட்டில் எழுதாமல் விட்டது பெண்ணுக்குப் பவுன். "பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு நகைச் சீட்டு ஒண்ணு போடாம என்ன கணக்கு எழுதற?" என்று மாமியார் மாதம் ஒருதரம் கேட்பார். பவுன் விற்கிற விலைக்கு அதைச் சேர்த்தால் 45,000 கணக்கு 60,000க்குப் போய்விடும் அத்தை, அதற்கு உங்கள் மகன் வருஷம் முழுக்க வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு அவசரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் 2,000 அவள் காலேஜ் படிப்புக்கென்று தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போகிறது. பவுனைப் பற்றி அவள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு பேசிக்கொள்ளலாம்.