வீட்டில் அத்தி வளர்க்கலாமா?

அரிதாக நடப்பதை 'அத்தி பூத்தாற்போல்' என்பர். உண்மையில் அத்தி பூக்காத மரமன்று. அதன் பூக்கள் காய்க்குள்ளேயே மறைந்துள்ளன. சிறு குளவி உட்புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. பண்டை எகிப்தியர் போற்றிய சிக்கமோர் மரமும் அத்தி இனமே. 2019-இல் காஞ்சியில் 48 நாள் காட்சி தந்த அத்திவரதர் அத்தி மரத் திருமேனி. சுக்கிரனுக்குரிய சமித்தும் அத்தியே.

ஆகவே கன்று நட விரும்பும் சிங்கை அன்பர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அத்தி பெருமரம், நீரை நாடி ஓடும் வேர், சுவரையும் கால்வாயையும் பிளக்கக்கூடும். தரைவீட்டார் அவற்றிலிருந்து நன்கு தள்ளி, வெயில்படும் இடத்தில் நடலாம். வேரூன்றும்வரை நீர் தவறாது ஊற்றுக. இடமில்லாத வீட்டில் நட்டுவிட்டு, பின்னர் வளர்ந்த மரத்தை வெட்ட நேர்வது மனவேதனை. நடாதிருப்பதே மரத்திற்குச் செய்யும் மரியாதை.

அடுக்குமாடி வீட்டாருக்குத் துளசி போதும். தேக்காவில் கன்று வாங்கி, ஓட்டையுள்ள தொட்டியில், வெயில்படும் இடத்தில் வையுங்கள். அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு பெருகும், அன்றாடம் கவிழ்த்துவிடுங்கள். தாழ்வாரத்தில் அண்டை வீட்டார் நடக்க வழி விடுங்கள்.

பிறர்க்கு இடரின்றி வளர்க்கும் செடியும் வழிபாடே. இறையருள் பெறுவோமாக!