சங்கத்தோடு குடித்தனம்: அடுக்குமாடி வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஃபிளாட் வாங்குகிறவர்கள் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்க்கிற அளவுக்குச் சங்கத்தைப் பார்ப்பதில்லை. கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. சம்ப், மோட்டார், லிஃப்ட், மாடிப்படி, மொட்டைமாடி எல்லாம் எல்லோருக்கும் பொது. சண்டை வருவதெல்லாம் கதவுக்கு வெளியேதான். அதனால் பால் காய்ச்சுவதற்கு முன்பே சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

முதலில் யுடிஎஸ்

மனையில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். யுடிஎஸ் என்று தரகரும் பில்டரும் சொல்வது இதைத்தான். ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், ஒரே அளவில் ஆறு வீடுகள் இருந்தால் ஆளுக்கு 400. எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மனையின் அளவு வர வேண்டும். வரவில்லையென்றால், மிச்சம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பில்டர் கையில் கொஞ்சம் தங்கியிருந்தால், பின்னால் ஒரு நாள் மொட்டைமாடியில் உரிமை கொண்டாட வருவார்.

பழைய கட்டடமென்றால் இந்த எண்ணுக்கு இன்னும் மதிப்பு அதிகம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்கிறது அது. ஒரே ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுபோன காலம் போய்விட்டது. புதுக் கட்டடத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பேரமும் பெரும்பாலும் யுடிஎஸ்ஸில்தான் தொடங்கும்.

சங்கத்தின் காகிதங்கள்

பதிவுச் சான்று, பைலா, கடைசியாகத் தணிக்கையான கணக்கு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பழைய சங்கங்கள் பல 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. மறுவிற்பனை வீடென்றால், விற்பவர் பாக்கி வைக்கவில்லை என்று சங்கத்திடம் கடிதம் வாங்காமல் பத்திரப் பதிவுக்குப் போகாதீர்கள்.

புதுக் கட்டடத்தில் பெரும்பாலான வீடுகள் புக் ஆன மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமைய வழிசெய்ய வேண்டியது பில்டரின் பொறுப்பு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா அப்படித்தான் சொல்கிறது. பராமரிப்பு தன் கையிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிற பில்டர் இதை இழுத்தடிப்பார். வாங்கியவர்களே கூடிப் பேசித் தொடங்குவதுதான் வழி.

மெயின்டனன்ஸும் கார்பஸும்

மாதாந்திரக் கட்டணம் வாட்ச்மேன், துப்புரவு, பொது மின்கட்டணம், டீசல், கோடையில் தண்ணி லாரி என்று கரைந்துவிடும். கார்பஸ் நிதி வேறு. லிஃப்ட் மாற்ற, வெளிப்புறம் பெயின்ட் அடிக்க என்று பெரிய செலவுகளுக்காகச் சேர்த்துவைப்பது அது. மெயின்டனன்ஸ் குறைவு என்று பெருமைப்படும் கட்டடத்தில் கார்பஸ் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் பதில் வராது. அங்கே மோட்டார் எரிந்தால் வீட்டுக்கு வீடு வசூல்தான்.

சதுர அடிக் கணக்கா, வீட்டுக்குச் சமமா? இந்த வழக்கு எல்லாக் கட்டடத்திலும் உண்டு. லிஃப்டும் வாட்ச்மேனும் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார் மூன்று பெட்ரூம்காரர். தண்ணீர் ஒன்றா என்பார் ஒற்றைப் பெட்ரூம்காரர். தண்ணீருக்கு மீட்டர் வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும் என்பது என் கட்சி.

கட்டணம் மாதம் 7,500 ரூபாயையும், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

கார் பார்க்கிங்

ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்கப் பில்டருக்கு உரிமையில்லை, அது பொது இடம் என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. அதை மட்டும் நம்பியிராமல் நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் இடம் எது என்று எண்ணோடு எழுத்தில் வாங்குவது, அதில் உங்கள் வண்டி நுழைந்து திரும்புகிறதா என்று ஓட்டிப் பார்ப்பது.

ஒழுகல்

மேல்வீட்டுப் பாத்ரூமிலிருந்து ஒழுகினால் பொதுவாக மேல்வீட்டுக்காரர் செலவு. மொட்டைமாடியிலிருந்து ஒழுகினால் சங்கத்தின் செலவு. தரைத்தளத்துக்காரரும் பங்கு தர வேண்டும். மாடி ஒழுகினால் எனக்கென்ன என்று அவர் நிச்சயம் கேட்பார். வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர்தான் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். படம் எடுத்துத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கங்களுக்கு நடுவே போட்ட புகாரைப் பிறகு யாராலும் தேடி எடுக்க முடியாது.

நாயும் வாடகைதாரரும்

பெரும்பான்மை கைதூக்கினாலும் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்கின்றன விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். அசுத்தம் செய்தால் சுத்தப்படுத்துவது வளர்ப்பவர் வேலை. வீட்டை வாடகைக்கு விட்டால் பைலாவின் நகல் ஒன்றைக் குடிவருகிறவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

பொதுக்குழு

ஆண்டுக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வருவதில்லை. வராதவர்களே பிறகு அதிகம் பேசுவார்கள். நீங்கள் போங்கள். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே செயலாளருக்கு எழுதி, நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். முடிவுகள் மினிட் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். முதல் வருடமே பதவி வேண்டாம். பொருளாளருக்குக் கணக்கு எழுத உதவுகிறேன் என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டார். லாரிக்காரர் யார், லிஃப்ட் சர்வீஸ் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யார் எத்தனை மாதம் பாக்கி எல்லாம் அப்போது கைக்கு வந்துவிடும்.