அப்பாரு விட்டுப்போன துப்பாக்கி

உடுமலை, தாராபுரம் பக்கத்துப் பழைய பண்ணை வீட்டு பீரோவில் அப்பாருவின் (தாத்தாவின்) வேட்டைத் துப்பாக்கி கிடைத்தால், விசையைத் தொடவே வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கலாம். அவர் பேரில் இருந்த உரிமம் உங்களுக்குச் செல்லாது. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். வைத்துக்கொள்ள ஆசையென்றால் வாரிசுச் சான்றிதழோடு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, பரம்பரைத் துப்பாக்கியும் சேர்த்து ஒருவருக்கு இரண்டுதான்.

விலையைச் சொல்வது குழலில் உள்ள எழுத்தும் முத்திரையும். 'வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்' என்றிருந்தால் பர்மிங்ஹாம். முட்டை வடிவத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரரிடம் மதிப்புக் கேளுங்கள். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மங்கினால் மதிப்பும் போச்சு. வரிசை எண்ணை அழிப்பதோ குற்றம்.