ஒரு வெள்ளி

டிசம்பர் மாதத்தின் கடைசி வாரம். கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கிச் சென்ற கொமுட்டர் இரயில் பத்தாங் காலி நிலையத்தில் நின்றபோது மழை சற்று ஓய்ந்திருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்தி முதுகுப் பையுடன் இறங்கினாள். மழையங்கி அணிந்து, மோட்டார் சைக்கிளுடன் அப்பா வெளியே காத்திருந்தார். உலு யாமில் இருந்த வீட்டை அடையும்போது இருட்டிவிட்டது.

அவளது பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, சிறு குறிப்பேடு. படிவம் ஒன்றில் பயின்ற காலம் முதல் ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் தான் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை அவள் அதில் எழுதி வந்தாள். மற்றொன்று, துறையை மாற்றிக்கொள்வதற்கான விண்ணப்பப் பாரம். அவள் இந்திய ஆய்வியல் துறை மாணவி. “தமிழ் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?” என்று உறவினர் சிலர் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வி அவளை மெல்ல மெல்ல அரித்தது. பாரத்தை நிரப்பிவிட்டாள். கையொப்பம் மட்டும் பாக்கி இருந்தது.

இரவு உணவுக்குப் பின் அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். கல்விக் கடனுதவி கிடைத்தது, அப்பா மடிக்கணினி வாங்கித் தந்தது, முதல் பருவத் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றது என மூன்று வரிகள் எழுதினாள். அதற்குமேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி எட்டிப் பார்த்தார்.

“என்ன பாப்பா, அவ்வளவுதானா?”

“பெரிசா வேற ஒண்ணும் நடக்கலையே, பாட்டி.”

“பெரிசா நடந்தாத்தான் நன்றியா? காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் யார் யாரு கைபட்டு உனக்கு என்னென்ன வந்துச்சுன்னு யோசிச்சுப் பாரு. பேரு தெரிஞ்சவங்கள மட்டும் எழுதாதே.”

அவள் யோசித்தாள். மாலை வகுப்பு முடிந்து தாமதமாக வரும் நாள்களில் சோற்றையும் குழம்பையும் மூடி எடுத்துவைத்த விடுதி உணவகத்து மலாய்க்கார அம்மா நினைவுக்கு வந்தார். நூலகத்திலிருந்து இரவில் திரும்பும்போது, விடுதி வாசலை அடையும்வரை கைவிளக்கை அடித்துக் காட்டிய காவலாளி நினைவுக்கு வந்தார். அவள் எழுவதற்கு முன்பே படிக்கட்டுகளைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போகும் துப்புரவுப் பணியாளரை அவள் முகம் பார்த்துப் பேசியதே இல்லை. உலு யாம் பட்டணத்தில் லோ மீ விற்கும் சீனப் பெரியவர், அவள் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்ட நாளன்று காசு வாங்க மறுத்து, “நன்றாகப் படி” என்று சொல்லி அனுப்பினார். இவர்கள் எவரும் அவளுக்கு உறவில்லை. ஆனால், இவர்களில் ஒருவர் இல்லாமற் போயிருந்தாலும் அவளுடைய நாள்கள் அவ்வளவு எளிதாக நகர்ந்திருக்கமாட்டா. பட்டியல் நீண்டது.

பிறகு அவள் தலைக்கு மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள். அன்று மாலை இரயில் கடந்து வந்த ரவாங் நகரம் நினைவுக்கு வந்தது. நாட்டின் மின்சார வரலாறு அந்தச் சிறிய ஈயச் சுரங்க நகரில்தான் தொடங்கியது. 1894ஆம் ஆண்டில் லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை ஆகிய இருவரும் தங்கள் சுரங்கத்திற்காக அங்கே மின்னாக்கி ஒன்றை நிறுவினர். சுரங்கக் குழிகளில் ஊறிய நீரை மின்சார இயந்திரங்கள் இறைத்தன. ஒரு சீனரும் ஒரு தமிழரும் கூட்டாகத் தொடங்கிய அந்த முயற்சியை, நாள்தோறும் விளக்கைப் போடும் நாம் எத்தனை முறை நினைக்கிறோம்?

குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். உலு சிலாங்கூர் மலைகளில் பெய்யும் மழை சுங்கை சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. கோல குபு பாருவுக்கு அருகில் உள்ள அணை அந்நீரைத் தேக்கி வைக்கிறது. தேவைக்கேற்பத் திறந்துவிடப்படும் நீர் சுத்திகரிக்கப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் இலட்சக்கணக்கான வீடுகளைச் சென்றடைகிறது. விடுதியில் அவள் முகம் கழுவிய தண்ணீருக்குப் பின்னாலும் இரவும் பகலும் விழித்திருக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

“பாட்டி, எழுதிக்கிட்டே போனா ஏடு பத்தாது போலிருக்கே” என்று சிரித்தாள்.

பாட்டியும் சிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய்ச் சொன்னார்: “அந்த மாதிரி பேரு தெரியாத ஆளுக்குக் கொடுத்தவருதான் எங்கப்பா.”

பாட்டியின் இளமைக் காலம் உலு யாம் சுற்றுவட்டாரத்து இரப்பர் தோட்டமொன்றில் கழிந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். பெயர் கொடுத்துவிட்டு, உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வடிவது குறைந்துவிடும். அதனால்தான் தோட்டத்து மக்களின் நாள் இருட்டிலேயே தொடங்கியது. மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை.

“எனக்கு அப்போ ஒன்பது வயசு இருக்கும். நல்ல மழைக்காலம். வீட்டுல அரிசிக்கே கணக்குப் பார்க்கிற நேரம். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாத்தியார் லயத்துல வீடு வீடா வந்தாரு. ‘தமிழ் எங்கள் உயிர்’னு சொல்லித்தான் காசு கேட்டாரு. எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா, மேல்துண்டுல முடிஞ்சு வச்சிருந்த ஒரு வெள்ளிய எடுத்துக் கொடுத்தாரு. அம்மா சண்டை போட்டாங்க. ‘யாரோ படிக்கப் போறாங்க, நம்ம புள்ளையா படிக்கப் போவுது?’ன்னு கேட்டாங்க. அதுக்கு அப்பா, ‘யாரு புள்ளையா இருந்தா என்ன, படிச்சா சரி’ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. நான் மூணாம் வகுப்போட நின்னுட்டேன். அந்த வெள்ளி எங்க போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

மாணவியின் கையிலிருந்த பேனா அசையாமல் நின்றது. அந்த வெள்ளி எங்கே போயிற்று என்பது அவளுக்குத் தெரியும். முதல் பருவத்தில் தேர்வுக்காக அவள் மனனம் செய்த பகுதி அது.

1950ஆம் ஆண்டுகளில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கி வந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறையை அமைக்க ஏற்பாடு நடந்தபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் தருவது என்ற கேள்வி எழுந்தது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பாலோர் தமிழர். எனவே தமிழுக்கே அவ்விடம் வேண்டும் என ‘தமிழ் முரசு’ நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி வலியுறுத்தினார். அதோடு அவர் நின்றுவிடவில்லை. தமிழ் பயிலும் மாணவர்களுக்கு நூல்கள் வேண்டுமே! அதற்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கினார். செல்வர்களை மட்டும் நாடாமல், தமிழர் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளி தாருங்கள் என்று கேட்டார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்த எளிய மக்கள் தங்கள் உழைப்பின் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

1956ஆம் ஆண்டில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. பின்னர் அது கோலாலம்பூர் வளாகத்திற்கு மாறியது. அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயக அடிகளின் பெருமுயற்சியால் 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பல நாட்டு அறிஞர்கள் இந்த மண்ணுக்கு வந்து தமிழைப் பற்றி ஆராய்ந்தார்கள்.

தேர்வுத் தாளில் இவற்றை அவள் ஆண்டுகளாகவும் பெயர்களாகவும் எழுதியிருந்தாள். அந்த ஆண்டுகளுக்கு நடுவே மழைக்கால இரவு ஒன்றும், மேல்துண்டின் முடிச்சு ஒன்றும் இருந்ததை அவள் அறிந்திருக்கவில்லை.

“பாட்டி, அந்த வெள்ளி நான் படிக்கிற இடத்துக்குத்தான் வந்துச்சு” என்றாள். குரல் தழுதழுத்தது. நடந்ததை விளக்கிச் சொன்னாள். பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், “அப்போ அம்மா கேட்டதுக்கு எழுபது வருசம் கழிச்சுப் பதில் கெடைச்சிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

திருக்குறளில் ‘செய்ந்நன்றி அறிதல்’ என ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர், உதவியை மூன்று வகையாக எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். முன்பு நாம் எதுவும் செய்யாதிருந்தும் பிறர் நமக்குச் செய்யும் உதவி ஒன்று. தேவையான நேரத்தில் செய்யும் உதவி மற்றொன்று. என்ன பயன் கிடைக்கும் என்று எடைபோடாமல் செய்யும் உதவி இன்னொன்று. தோட்டத்து மக்கள் தந்த ஒரு வெள்ளி இம்மூன்றுக்கும் பொருந்தும். அவர்களுக்கு அந்தத் துறையும் மாணவர்களும் எதுவும் செய்திருக்கவில்லை. அந்த நிதி துறை தொடங்கவிருந்த வேளையில் வந்தது. தந்தவர்களுள் பலர் பல்கலைக்கழக வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

அத்தகைய உதவிக்கு எப்படி நன்றி செலுத்துவது? கொடுத்தவரைத் தேடிச் சென்று திருப்பித் தர முடியாது. அவரைப் போலவே, பெயர் தெரியாத இன்னொருவருக்கு நாம் கொடுக்கலாம். பெற்றதை வீணாக்காமல் காக்கலாம்.

அன்றிரவு அவள் பாரத்தை எடுத்துப் பார்த்தாள். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு அவளிடம் இன்னும் முழுமையான விடை இல்லை. அந்தக் கேள்வி தவறானதும் அன்று. ஆனால், தமிழ் படிப்பதால் என்ன கிடைக்கும் என்று மட்டுமே இதுவரை எண்ணியிருந்தவள், தான் படிப்பதற்காக யார் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்றும் இப்போது எண்ணினாள். கையொப்பமிடாமலேயே பாரத்தை மடித்துக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலையில் அப்பாவிடம், “பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில நான் பாடம் சொல்லிக் கொடுக்கலாமாப்பா? தலைமையாசிரியர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்” என்றாள். அப்பா வியப்போடு அவளைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மேசைமேல் குறிப்பேடு திறந்தே கிடந்தது. கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்ட பாட்டி, பட்டியலின் இறுதி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்: “ஒரு வெள்ளி தந்தவர்கள் அனைவருக்கும்.”