இரத்தத்தின் இரும்பு எங்கிருந்து வந்தது?

எலும்பிலே கல்சியம், இரத்தத்திலே இரும்பு, கறியுப்பிலே சோடியமும் குளோரீனும், மூச்சுக்காற்றிலே ஒட்சிசன். இவற்றை மூலகங்கள் என்று பாடசாலையில் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். இவையெல்லாம் எங்கே உண்டாயின என்று பிள்ளை வீட்டில் கேட்டால், “ஆண்டவர் படைத்தார்” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். பதில் பிழையன்று. ஆனால் பிள்ளை கேட்டது யார் என்பதையன்று, எவ்வாறு என்பதை. அதற்கும் விடை உண்டு. அதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

சூரியனை எடுத்துக்கொள்வோம். அது விறகுபோல எரிவதன்று. அதன் நடுவில் வெப்பநிலை ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் பாகை. அந்த வெப்பத்திலும் அமுக்கத்திலும் நான்கு ஐதரசன் கருக்கள் படிப்படியாக இணைந்து ஓர் ஈலியம் கருவாகின்றன. நான்கின் மொத்தத் திணிவைவிட ஈலியத்தின் திணிவு சற்றுக் குறைவு. குறைந்த அந்தச் சிறு பங்கே ஒளியும் வெப்பமுமாக வெளிவருகிறது. ஒவ்வொரு செக்கனும் சுமார் 60 கோடி தொன் ஐதரசன் இவ்வாறு மாற, அதில் 40 இலட்சம் தொன் சக்தியாகிறது. முற்றத்தில் நாம் நெல் காயவைப்பதும் இந்தக் கணக்கிலேதான்.

ஐதரசன் தீர்ந்தபின் என்ன? இங்கேதான் விஞ்ஞானிகள் நெடுநாள் தடுமாறி நின்றார்கள். இரண்டு ஈலியம் கருக்கள் சேர்ந்தால் பெரிலியம்-8 வரும். அதுவோ, ஒரு செக்கனைக் கோடி கூறாக்கி, அதில் ஒரு கூற்றை மறுபடியும் கோடி கூறாக்கினால் வரும் நேரத்திற்குள்ளேயே உடைந்துபோகும். அதற்கிடையில் மூன்றாவது ஈலியம் வந்து மோதினால்தான் காபன் பிறக்கும். எட்வின் சல்பீட்டர் என்பவர் 1950களின் தொடக்கத்தில் இவ்வழியைக் கணித்துக் காட்டினார். ஆயினும் அந்தக் கணக்கின்படி உண்டாகும் காபனும் இன்னோர் ஈலியத்தோடு சேர்ந்து ஒட்சிசனாகிவிடும், மிஞ்சுவது சொற்பமே. சோறும் தேங்காயும் அடுப்புக்கரியும் நமது தசையும் காபன் இன்றி ஏது?

1953இல் ஆங்கிலேயரான பிரெட் ஹொயில் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுகூடத்துக்குச் சென்று, காபன் கருவிலே சுமார் 7.7 மில்லியன் இலத்திரன்வோற்று உயரத்தில் ஒரு சக்தி மட்டம் இருந்தேயாக வேண்டும் என்றார். ஊஞ்சலை உரிய தருணத்தில் தள்ளினால் சிறு தள்ளலும் போதுமன்றோ? அதுபோல அந்த மட்டம் பொருந்தினால் மூன்று ஈலியங்களும் எளிதில் இணையும். அங்கிருந்த வில்லியம் பவுலர் முதலில் நம்பவில்லை. வார்ட் வேலிங்கும் துணைவர்களும் பரிசோதித்தார்கள். மட்டம் இருந்தது!

ஹொயில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் பிற்காலத்தில், பௌதிக விதிகளில் ஏதோ ஒரு பேரறிவு கைவைத்தாற்போல் தோன்றுகிறதென்று எழுதினார். இதைப் பிரசங்கத்தில் நிரூபணமாகக் காட்ட ஆசை வரும், எனக்கும் வந்ததுண்டு. அப்போது பெல்ஜியக் குருவானவர் ஜோர்ஜ் லெமெத்ரை நினைத்துக்கொள்வேன். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டெனும் கொள்கையை 1931இல் முன்வைத்தவர் அவரே. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அத்தகைய கொள்கையைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது, அதில் மகிழாதவரும் அவரே. இன்றைய கணக்கு நாளை திருத்தப்படலாம். விசுவாசத்தை அதில் கட்டித் தொங்கவிடலாகாது என்பது என் எண்ணம்.

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் திணிவுள்ள விண்மீன்களில் வேலை மேலும் தொடர்கிறது. காபனிலிருந்து நெயனும் மக்னீசியமும், பின் சிலிக்கனும், கடைசியில் இரும்பும். ஐதரசன் எரியக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். சிலிக்கன் எரிந்து இரும்பாவது ஏறத்தாழ ஒரே நாளில். அதோடு சரி. இரும்பை இணைத்தால் சக்தி வராது, செலவாகும். அடுப்பு அணைகிறது, தன் பாரத்தைத் தாங்கமாட்டாத நடுப்பகுதி ஒரு செக்கனுக்குள் இடிந்து விழ, வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது.

1987 பெப்ரவரி 23ஆம் நாள் பெரிய மகெல்லன் முகிலில் அத்தகைய வெடிப்பொன்று வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. பின்னர் அதன் ஒளி எவ்வேகத்தில் மங்கியது தெரியுமா? கதிரியக்கக் கோபாற்று-56 பாதியாகத் தேய்ந்து இரும்பாக மாற 77 நாட்கள் செல்லும். அதே வேகத்தில்! இரும்பு உண்டாவதை மனிதர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தனர். (நமது இரும்பில் பெரும்பங்கு, எரிந்தோய்ந்த வெண்குறள் விண்மீன்கள் வெடிக்கும் வேறொரு வகையிலிருந்து வந்ததென்பர்.)

தாலியின் பொன்னுக்கு இவ்வடுப்புப் போதாது. கருக்கள் நியூத்திரன்களை அடுத்தடுத்து விழுங்கியே அது உருவாக வேண்டும். 2017 ஓகஸ்ட் 17இல், 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதியதை ஆய்வாளர் அவதானித்தனர். பொன் பிறக்கும் இடங்களுள் அத்தகைய மோதலும் ஒன்று.

விடுபட்டது ஐதரசன். அதை எந்த விண்மீனும் ஆக்கவில்லை. பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களிலேயே அதன் கரு இருந்தது. பிள்ளை குடிக்கும் ஒரு குவளைத் தண்ணீரில் ஒட்சிசன் விண்மீன் தந்தது. ஐதரசனோ எல்லா விண்மீன்களுக்கும் மூத்தது, ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டு வயதுடையது.